கொலைக் கணக்கும் காவல் முறையும்: நாடுகளை ஒப்பிடுவது எப்படி?

2009ஆம் ஆண்டு பிரிட்டனில் ஒரு நாளிதழ் பரபரப்பான செய்தி ஒன்றை வெளியிட்டது. லட்சம் பேருக்கு எத்தனை வன்முறைக் குற்றங்கள் என்று பார்த்தால் பிரிட்டனில் 2,000க்கும் மேல். அமெரிக்காவில் 500கூட இல்லை. ஆகவே அமெரிக்காவைவிட பிரிட்டன் நான்கு மடங்கு மோசம் என்றது செய்தி. இரண்டு எண்களும் அரசுப் பதிவுகளிலிருந்து வந்தவை, யாரும் இட்டுக்கட்டவில்லை. ஆனால் அந்தக் காலகட்டத்தின் கொலைக் கணக்கை எடுத்தால் கதை அப்படியே தலைகீழாகிறது. அமெரிக்காவில் லட்சம் பேருக்கு 5 கொலைகளை ஒட்டி. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியில் ஒன்றுக்குச் சற்று மேல். அடிதடியில் நான்கு மடங்கு மூர்க்கமானவர்கள் கொலையில் மட்டும் நான்கு மடங்கு சாதுவாகிவிடுவார்களா?

குழப்பத்துக்குக் காரணம் மக்களின் குணம் இல்லை, பதிவேட்டின் தலைப்பு. அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. ‘வன்முறைக் குற்றம்’ என்ற பெயரில் நான்கை மட்டுமே கூட்டுகிறது: கொலை, பாலியல் வன்கொடுமை, கொள்ளை, கொடுந்தாக்குதல். ஆயுதம் எடுக்காத, பெரிய காயம் ஏற்படாத அடிதடிக்கு அந்தக் கூட்டலில் இடமில்லை. இங்கிலாந்தின் கணக்கிலோ காயமே இல்லாத கைகலப்பு, மிரட்டல், விடாமல் தொல்லை கொடுத்தல் எல்லாம் சேர்ந்துவிடும்.

இதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். இரவு நேரம், மதுக்கூட வாசல். ஒருவர் இன்னொருவரின் மார்பில் கைவைத்துத் தள்ளுகிறார். விழுந்தவர் எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு, போலீசுக்குத் தொலைபேசியில் புகார் சொல்கிறார். இது மான்செஸ்டரில் நடந்தால் காயமில்லாத தாக்குதல் என்று பதிவாகி, அந்த ஆண்டின் வன்முறைக் குற்ற மொத்தத்தில் ஒன்று கூடும். சிகாகோவில் நடந்தால் சாதாரணத் தாக்குதல் என்று எழுதப்படும். நாளிதழ்கள் மேற்கோள் காட்டும் அந்த மொத்தத்துக்கு வெளியிலேயே நின்றுவிடும். வேறு பல நாடுகளில் பணியிலிருக்கும் காவலர் இருவரையும் நாலு வார்த்தை அதட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்; எந்தத் தாளிலும் ஏறாது. நடந்தது மூன்று இடத்திலும் ஒன்றேதான்.

குற்ற எண் ஒன்றைப் பார்க்கும்போது நம் கண்ணில் முதலில் படுவது குற்றம் அன்று. அதை எழுதியவர் பின்பற்றிய விதி. இது புரிந்துவிட்டால் மீதியெல்லாம் பொறுமையைப் பொறுத்த விஷயம்தான்.

லட்சம் பேருக்கு எத்தனை?

நாடுகளை ஒப்பிடும்போது மொத்த எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் செய்திகளில் அடிக்கடி மறந்துபோகிறது. இந்தியாவில் 2022இல் பதிவான கொலை வழக்குகள் 28,522. அமெரிக்காவில் அதே ஆண்டு 20,000க்குச் சற்று மேல். இந்தியாதான் அதிகம் என்று தோன்றும். மக்கள்தொகையால் வகுத்துப் பார்த்தால் இந்தியாவில் லட்சம் பேருக்கு சுமார் 2, அமெரிக்காவில் 6க்கும் மேல். உலக அளவில் 2021இல் சுமார் 4.58 லட்சம் பேர் கொலையுண்டதாகவும், விகிதம் 5.8 என்றும் ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் கணக்கிட்டது. ஒரு நாட்டின் எண் பெரியதா சிறியதா என்று பார்க்க இந்த 5.8ஐ மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

விகிதத்திலும் பொறிகள் உண்டு. ஐஸ்லாந்தின் மக்கள்தொகை நான்கு லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. அங்கே ஆண்டு முழுவதும் ஒரே ஒரு கொலை நடந்தால் விகிதம் ஏறத்தாழ 0.26. பன்னிரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் ஜப்பானின் விகிதமும் ஏறக்குறைய அதுவேதான். அடுத்த ஆண்டு ஐஸ்லாந்தில் நான்கு கொலைகள் நடந்தால், ‘கொலைகள் நான்கு மடங்கு உயர்வு’ என்று தலைப்புப் போடலாம். பொய்யும் ஆகாது, பொருளும் இராது. நார்வேயில் 2011ஆம் ஆண்டின் விகிதம் திடீரென்று 2ஐத் தாண்டியது. ஜூலை 22 அன்று ஒரே ஒருவன் 77 பேரைக் கொன்றதே காரணம். முந்தைய ஆண்டுகளையும் பிந்தைய ஆண்டுகளையும் பார்த்தால் நார்வே உலகின் மிக அமைதியான நாடுகளில் ஒன்று. சிறிய நாடுகளுக்கு ஐந்தாண்டு, பத்தாண்டுச் சராசரியை எடுத்துக்கொள்வதே உருப்படியான வழி.

நகரங்களை ஒப்பிடுவது இன்னும் வழுக்கலான இடம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் 2020இல் லட்சத்துக்கு 87 என்ற அச்சுறுத்தும் விகிதத்தை எட்டியது. அந்த நகரத்தின் எல்லைக்குள் இருப்பவர்கள் சுமார் மூன்று லட்சம் பேர் மட்டுமே. சுற்றியிருக்கும் புறநகர்கள் தனி மாவட்டம். அங்கே வசிக்கும் லட்சக்கணக்கானவர்கள் வகுக்கும் எண்ணில் வருவதில்லை. வேறொரு நகரத்தில் புறநகரும் மாநகராட்சிக்குள் சேர்ந்திருக்கும். எல்லைக்கோட்டை எங்கே போட்டார்கள் என்பதைப் பொறுத்தே ‘உலகின் ஆபத்தான நகரங்கள்’ பட்டியல்கள் மாறுகின்றன. அந்தப் பட்டியல்களை நான் படிப்பதோடு சரி, நம்புவதில்லை.

கொலையை அளவுகோலாக வைப்பது ஏன்?

திருட்டை மறைக்கலாம், அடியை மறைக்கலாம், பாலியல் வன்கொடுமையைப் பற்றிப் பெரும்பாலானோர் வாய் திறப்பதே இல்லை. சடலத்தை மறைப்பது கடினம். மருத்துவமனை, பிரேதப் பரிசோதனை, இறப்புச் சான்றிதழ் என்று காவல்துறைக்கு வெளியிலும் அதற்குத் தடயம் இருக்கும். ஒரு மனிதரை இன்னொருவர் வேண்டுமென்றே கொல்வது எந்த நாட்டுச் சட்டத்திலும் குற்றம். அதனால்தான் நாடுகளுக்கிடையே வன்முறையை ஒப்பிட விரும்புகிறவர்கள் முதலில் கொலை விகிதத்தைத் தேடுகிறார்கள்.

அதுவும் பழுதில்லாத எண் அன்று. இங்கிலாந்தின் 2002-03ஆம் ஆண்டுக் கணக்கில் கொலைகள் சட்டென்று எகிறியதாகத் தெரியும். ஹெரால்ட் ஷிப்மன் என்ற மருத்துவர் பல ஆண்டுகளாகத் தம் நோயாளிகளைக் கொன்றுவந்தது விசாரணையில் வெளிப்பட்டு, 172 கொலைகள் அந்த ஒரே ஆண்டின் கணக்கில் ஏறியதுதான் காரணம். அங்கே கொலை நடந்த ஆண்டில் அன்று, போலீஸ் அதைக் கொலை என்று பதிவுசெய்த ஆண்டில்தான் கணக்கு விழும். அதேபோல 1989இல் ஹில்ஸ்பரோ கால்பந்து அரங்க நெரிசலில் இறந்த 96 பேர் 2016-17ஆம் ஆண்டுக் கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். வரைபடத்தில் அந்த ஆண்டு ஒரு மேடு தெரியும். அந்த ஆண்டு தெருவில் நடந்த எதற்கும் அதனோடு தொடர்பில்லை.

ஜப்பானில் சிக்கல் வேறு மாதிரி. காவல்துறை வெளியிடும் ‘கொலை’ எண்ணிக்கைக்குள் கொலை முயற்சிகளும் அடங்கும். அதை அப்படியே எடுத்து வேறொரு நாட்டின் கொலை எண்ணோடு வைத்தால் ஜப்பானை இருப்பதைவிட மோசமாகக் காட்டிவிடுவோம். அப்படி வைத்துப் பார்த்தாலும் அது மிகக் குறைந்த எண்ணாகவே நிற்கிறது என்பது வேறு விஷயம்.

மெக்சிகோவில் இரண்டு கணக்குகள் ஓடுகின்றன: வழக்குப்பதிவுகளிலிருந்து ஒன்று, இறப்புச் சான்றிதழ்களிலிருந்து புள்ளியியல் நிறுவனம் எடுப்பது இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போவதில்லை. இவை இரண்டிலும் வராதவர்கள் காணாமற்போனவர்கள். அரசின் பதிவேட்டிலேயே அவர்கள் எண்ணிக்கை 2022 மே மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டியது. உடல் கிடைக்காதவரை அவர்களில் ஒருவரும் கொலைக் கணக்கில் இல்லை. வன்முறைக் கும்பல்கள் உடலை மறைக்கக் கற்றுக்கொண்ட ஊரில் கொலை விகிதம் குறைவது நல்ல செய்தியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மருத்துவத்தின் பங்கையும் சொல்லிவிட வேண்டும். ஒரே கத்திக்குத்து, ஆம்புலன்ஸ் பத்து நிமிடத்தில் வரும் இடத்தில் கொலை முயற்சி. வராத இடத்தில் கொலை. அவசர அறுவைச் சிகிச்சை முன்னேறிய நாடுகளின் கொலை விகிதம், தெருவில் நடக்கும் வன்முறையைக் கொஞ்சம் குறைத்தே காட்டும்.

மற்ற குற்றங்களை எண்ணும்போது

கொலையைத் தாண்டிப் போனால் தரை இளகிவிடுகிறது. இதற்கு உலகம் முழுவதும் இழுபட்ட எடுத்துக்காட்டு ஸ்வீடன். ஐரோப்பாவிலேயே பாலியல் வன்கொடுமை மிகுந்த நாடு அது என்று பல ஆண்டுகளாக அரசியல் மேடைகளில் சொல்லப்பட்டுவருகிறது. பதிவான விகிதம் மிக உயர்வு என்பது உண்மை. ஆனால் ஸ்வீடனில் ஒவ்வொரு செயலையும் தனித்தனியாக எண்ணுவார்கள். கணவன் ஓராண்டு முழுக்க மனைவியை வன்புணர்ந்தான் என்று புகார் வந்தால், வேறு நாடுகளில் ஒரு வழக்கு; ஸ்வீடனில் பல பத்துக் குற்றங்கள். புகார் வந்த அன்றே எண்ணிக்கை ஏறிவிடும்; விசாரணையில் வேறு முடிவு வந்தாலும் இறங்காது. ஜெர்மனி காவல்துறை விசாரணை முடிந்து கோப்பு அரசு வழக்கறிஞருக்குப் போகும்போதுதான் எண்ணுகிறது. போதாததற்கு ஸ்வீடன் 2005இலும், சம்மதத்தை அடிப்படையாக வைத்து 2018இலும் சட்டத்தின் வரையறையை விரித்தது. வெவ்வேறு முழக்கோலால் அளந்துவிட்டு யார் உயரம் என்று சண்டையிடுவதுதான் இந்த விவாதத்தின் பெரும்பகுதி. இதனால் ஸ்வீடனில் பிரச்சினையே இல்லை என்று ஆகிவிடாது. கும்பல்களுக்கிடையே துப்பாக்கிச்சூடுகள் அங்கே கூடியிருப்பது சடலக் கணக்கிலேயே தெரிகிற உண்மை. எந்த எண்ணை வைத்து எதைச் சொல்லலாம் என்பதுதான் கேள்வி.

இன்னொரு விதி: ஒரே சம்பவத்தில் பல குற்றங்கள் நடந்தால் எதை எண்ணுவது? இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஒரு முதல் தகவல் அறிக்கையில் உள்ள மிகக் கொடிய குற்றத்தை மட்டும் எண்ணுகிறது. வன்புணர்ந்து கொன்றால் அது கொலைப் பட்டியலில் ஒன்று. வன்கொடுமைப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவிலும் நெடுங்காலம் இதே முறைதான். 2021 ஜனவரியில் எஃப்.பி.ஐ. ஒவ்வொரு குற்றத்தையும் எழுதும் புதிய முறைக்கு முழுவதுமாக மாறியது. அந்நாட்டில் சுமார் 18,000 தனித்தனிக் காவல் அமைப்புகள் உண்டு. நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பெருநகரங்களே அந்த ஆண்டு புதிய முறையில் தரவு அனுப்பவில்லை. ஆகவே 2021இன் அமெரிக்கக் கணக்கைப் பார்த்தால் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

வளர்ந்த நாடுகளில் போலீஸ் நேர்மையாக எழுதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். இங்கிலாந்தில் காவல்துறையை ஆய்வுசெய்யும் அரசு அமைப்பு 2014இல் வெளியிட்ட அறிக்கையின்படி, போலீசுக்குச் சொல்லப்பட்ட குற்றங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று பதிவாகவே இல்லை. வன்முறைக் குற்றங்களில் மூன்றில் ஒன்று. அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே போலீஸ் பதிவுக் கணக்குக்குக் கொடுத்திருந்த ‘தேசியப் புள்ளிவிவரம்’ என்ற தர முத்திரையைப் புள்ளியியல் ஆணையம் திரும்பப் பெற்றுவிட்டது. பிறகு போலீஸ் ஒழுங்காக எழுதத் தொடங்கியது. உடனே வன்முறைக் குற்றங்கள் ஆண்டுதோறும் ஏறுவதாகக் கணக்கு காட்டியது! நேர்மை கூடினால் குற்றம் கூடியதுபோலத் தெரியும் என்பது இந்தத் துறையின் பெரிய கேலிக்கூத்து.

இதற்கு மாற்று, போலீசைக் கேட்காமல் மக்களையே கேட்பது. ‘கடந்த 12 மாதங்களில் உங்களை யாராவது தாக்கினார்களா, மிரட்டினார்களா?’ என்று ஆயிரக்கணக்கான வீடுகளில் கேட்டு எழுதும் கணக்கெடுப்பை அமெரிக்கா 1973 முதலும், பிரிட்டன் 1980களின் தொடக்கத்திலிருந்தும் நடத்துகின்றன. போலீசிடம் போகாத குற்றங்களும் இதில் வெளிப்படும். இங்கிலாந்தில் போலீஸ் கணக்கு ஏறிக்கொண்டிருந்த ஆண்டுகளில் இந்தக் கணக்கெடுப்பில் வன்முறை குறைந்துகொண்டேதான் வந்தது. இதற்கும் குறைகள் உண்டு: இறந்தவரைக் கேட்க முடியாது, வீடில்லாதவரைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆனாலும் அடிதடி, வழிப்பறி பற்றி ஒப்பிட வேண்டுமானால் போலீஸ் பதிவைவிட இதையே நம்புவேன். கார் திருட்டு மட்டும் விதிவிலக்கு. காப்பீட்டுப் பணம் வேண்டுமானால் புகார் கொடுத்தே ஆக வேண்டும். அதனால் அந்த எண் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

போலீசுக்கு முன்பே இருக்கும் காரணங்கள்

எண்கள் ஓரளவு சரியாகக் கிடைத்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாட்டில் கொலை குறைவு, அந்நாட்டுப் போலீஸ் இப்படி இயங்குகிறது. ஆகவே இந்தப் போலீஸ் முறையால்தான் கொலை குறைவு என்று தாவிவிடக் கூடாது. நடுவில் பல விஷயங்கள் உட்கார்ந்திருக்கின்றன.

துப்பாக்கி முதலாவது. அமெரிக்காவில் பொதுமக்கள் கையில் இருக்கும் துப்பாக்கிகள் மக்கள்தொகையைவிட அதிகம். அண்மை ஆண்டுகளில் கொலைகளில் ஐந்தில் நான்கு துப்பாக்கியால் நடப்பவை. இங்கிலாந்தில் அதிகம் பயன்படும் கருவி கத்தி. துப்பாக்கிக் கொலைகள் சில சதவீதம்தான். கைகலப்புகள் எந்த ஊரிலும் நடக்கும். பக்கத்தில் என்ன கருவி இருக்கிறது என்பது அவற்றில் எத்தனை மரணத்தில் முடியும் என்பதைத் தீர்மானிக்கிறது. தொடக்கத்தில் பார்த்த அந்தப் புதிருக்கு இதுவும் ஒரு பாதி விடை.

மக்கள்தொகையில் இளம் ஆண்கள் எத்தனை பேர், ஏற்றத்தாழ்வு எவ்வளவு, போதைப்பொருள் எந்த வழியாகப் போகிறது என்பவையும் உண்டு. ஈக்வடாரைப் பாருங்கள். 2018 வாக்கில் அங்கே கொலை விகிதம் 6ஐ ஒட்டி இருந்தது. லத்தீன் அமெரிக்காவின் அமைதியான நாடுகளில் ஒன்று என்று பெயர். 2023இல் 40ஐத் தாண்டிவிட்டது. ஐந்தாண்டில் மக்களின் பண்பாடு மாறவில்லை, மதம் மாறவில்லை. கொலம்பியா, பெருவிலிருந்து வரும் கோகெய்ன் அந்நாட்டின் துறைமுகங்கள் வழியாகப் பெருமளவில் போகத் தொடங்கியது. அந்த வழிக்காகக் கும்பல்கள் மோதிக்கொண்டன. ‘அந்த மக்களே அப்படித்தான்’ என்று சொல்பவர்களுக்கு இதைவிட நேரடியான பதில் கிடையாது.

காவல் முறைகள்: எது வேலை செய்கிறது?

ஜப்பானின் ‘கோபான்’ பற்றிப் பேசாமல் யாரும் இந்தத் தலைப்பைக் கடப்பதில்லை. தெருமுனையில் ஓரிரு அறைகள் கொண்ட சிறிய காவல் சாவடி. வழி கேட்பவர்களுக்கு வழி சொல்வது, தொலைந்த பணப்பையை வாங்கி வைப்பது, வட்டாரத்து வீடுகளுக்குப் போய் விசாரித்து வருவது என்று அங்கிருக்கும் காவலரின் நாள் கழியும். நாடு முழுவதும் சுமார் 6,000 சாவடிகள். சிங்கப்பூர் 1983இல் இதே முறையைத் தழுவி வட்டாரக் காவல் நிலையங்களைத் தொடங்கியது.

கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் கோபானின் தொடக்கம் 1874. 1950களில் ஜப்பானில் கொலை விகிதம் இன்றைக்கு இருப்பதைப்போலப் பல மடங்கு. கோபான் அப்போதும் இருந்தது. ஆகவே வீழ்ச்சியின் பெருமை முழுவதையும் சாவடிக்குக் கொடுக்க முடியாது. இனிப்பான படத்துக்குப் பின்னால் வேறொன்றும் உண்டு: ஒருவரைக் குற்றம் சாட்டாமலேயே 23 நாள் வரை காவலில் வைத்து விசாரிக்கலாம், வழக்கு நீதிமன்றம் போனால் 99 சதவீதத்துக்கு மேல் தண்டனைதான். வாக்குமூலத்தை வற்புறுத்திப் பெறும் முறை என்று ஜப்பானிய வழக்கறிஞர்களே இதைக் கண்டித்துவருகிறார்கள். சாவடியை மட்டும் பாராட்டிவிட்டு இதைப் பேசாமல் விடுவது பாதி ஜப்பானைப் பார்ப்பது.

ஆயுதமில்லாத போலீஸ் என்பது அடுத்த வகை. லண்டன் மாநகரக் காவல்துறை 1829இல் தொடங்கப்பட்டதிலிருந்து, போலீசின் அதிகாரம் மக்களின் ஒப்புதலில் நிற்கிறது என்ற கருத்து பிரிட்டனில் வேரூன்றியது. இன்றும் இங்கிலாந்தில் துப்பாக்கி ஏந்த அனுமதி உள்ள காவலர்கள் இருபதில் ஒருவர்கூட இல்லை. அயர்லாந்து, நியூசிலாந்து, ஐஸ்லாந்து ஆகியவற்றிலும் சாதாரண ரோந்துக் காவலர் துப்பாக்கி இல்லாமல்தான் வருவார். ஐஸ்லாந்தில் போலீஸ் சுட்டு ஒருவர் இறந்த முதல் சம்பவம் 2013 டிசம்பரில்தான் நடந்தது. அமெரிக்காவில் போலீஸ் ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் பேரைச் சுட்டுக் கொல்கிறது.

இங்கே காரணமும் விளைவும் ஒன்றையொன்று துரத்துகின்றன. அமெரிக்கக் காவலர் ஒரு காரை நிறுத்தும்போது உள்ளே துப்பாக்கி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஐஸ்லாந்துக் காவலருக்கு அந்தப் பயம் குறைவு. ஆயுதமில்லாத போலீசால் அமைதி வந்ததா, அமைதி இருந்ததால் போலீசுக்கு ஆயுதம் தேவைப்படவில்லையா? இரண்டாவதுதான் பெரிது என்பது என் கருத்து. அதற்காக அமெரிக்க முறைக்கு வேறு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. அங்கே அடிப்படைக் காவலர் பயிற்சி சராசரியாக 21 வாரம். துப்பாக்கி ஏந்திய ஜெர்மன் காவலருக்கு இரண்டரை முதல் மூன்று ஆண்டு. கொலை வழக்குகளில் துப்பு துலங்கியது அமெரிக்காவில் 2022 வாக்கில் பாதியை ஒட்டி. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் 90 சதவீதத்துக்கு மேல். தண்டனை எவ்வளவு கடுமை என்பதைவிட, பிடிபடுவது எவ்வளவு உறுதி என்பதே குற்றத்தைத் தடுக்கிறது என்று குற்றவியலாளர்கள் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். அப்படியானால் இந்த எண்ணைத்தான் மற்ற எதையும்விட உற்றுப் பார்க்க வேண்டும்.

நாடுகளுக்கிடையே ஒப்பிடுவதைவிட, ஒரே இடத்தில் முறை மாறியபோது என்ன நடந்தது என்று பார்ப்பது பலமான சோதனை. நியூயார்க் இதற்கு நல்ல களம். 1990இல் அங்கே 2,200க்கும் மேற்பட்ட கொலைகள். பிறகு வீழ்ச்சி தொடங்கியது. தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சோதனையிடும் முறைதான் காரணம் என்று நகர நிர்வாகம் உறுதியாக நம்பியது. 2011இல் அப்படி 6.85 லட்சம் முறை நிறுத்தினார்கள். பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் லத்தீன் இனத்தவருமான இளைஞர்கள். பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர்மீது எந்த நடவடிக்கையும் எடுக்க முகாந்திரம் இல்லை. இந்த முறை நடைமுறைப்படுத்தப்பட்ட விதம் அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று 2013 ஆகஸ்டில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இனி ரத்த ஆறு ஓடும் என்றார்கள். 2015இல் சோதனைகள் சுமார் 23,000 ஆகக் குறைந்தன. கொலைகள் 2011இல் 500க்கும் மேல் இருந்தவை, 2017இல் 300க்கும் கீழே போயின. சோதனை முப்பதில் ஒரு பங்காகியும் கொலை ஏறவில்லை.

அதே 1990களில் கனடாவிலும் கொலை விகிதம் இறங்கியது. நியூயார்க்கின் முறையைக் கனடா கையாளவில்லை, அமெரிக்காவைப்போலச் சிறைகளை நிரப்பவும் இல்லை. ஆனால் போலீசால் பயனே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் 1972-73இல் நடந்த சோதனையில், காரில் சும்மா சுற்றும் ரோந்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் குற்றத்தில் மாற்றம் தெரியவில்லை. பின்னர் மினியாபொலிஸில், அடிக்கடி குற்றம் நடக்கும் குறிப்பிட்ட சில தெருமுனைகளில் மட்டும் போலீசை நிறுத்தியபோது குறைந்தது. எத்தனை போலீஸ் என்பதைவிட எங்கே நிற்கிறது, அங்கே நின்று என்ன செய்கிறது என்பதுதான் வித்தியாசம்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வேறொரு வழியில் போனது. ஐரோப்பாவின் கொலைத் தலைநகர் என்று பெயர் வாங்கிய அந்த நகரத்தில் 2005இல் போலீசே வன்முறைக் குறைப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. கத்திக்குத்தைத் தொற்றுநோயைப்போல அணுகுவது என்று முடிவெடுத்தது. 2008இல் கும்பல் இளைஞர்களை நீதிமன்ற அறைக்கு வரவழைத்தார்கள், விசாரணைக்காக அன்று. கத்திக்குத்துக் காயங்களைத் தைக்கும் அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் பேசினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் பேசினார். அடுத்த கொலைக்குக் கும்பல் முழுவதையும் பிடிப்போம் என்று போலீஸ் எச்சரித்தது. கடைசியில் ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்தார்கள்: படிப்பு, வேலை, போதையிலிருந்து மீள உதவி, எது வேண்டுமானாலும் கூப்பிடலாம். பாஸ்டன் நகரத்தில் 1996இல் நடந்த முயற்சியிலிருந்து கற்ற பாடம் இது. ஸ்காட்லாந்தில் 2004-05இல் 130க்கும் மேற்பட்ட கொலைகள், 2022-23இல் 52.

இந்தக் கதையை அன்பு வென்றது என்று சொல்வோர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அதே காலத்தில் அதே வட்டாரத்தின் போலீஸ் இளைஞர்களை நிறுத்திச் சோதனையிட்ட விகிதம் லண்டனைவிட அதிகம். கத்தி வைத்திருப்பதற்கான தண்டனையும் ஏற்றப்பட்டது. இரண்டு கையாலும் செய்த வேலையில் எந்தக் கை எவ்வளவு செய்தது என்று பிரிப்பது எளிதன்று.

கடைசியாக எல் சால்வடார், இன்று எல்லோரும் சுட்டிக்காட்டும் நாடு. 2015இல் அங்கே கொலை விகிதம் லட்சத்துக்கு 100ஐத் தாண்டியது, உலகிலேயே உச்சம். 2022 மார்ச் 26 அன்று ஒரே நாளில் 62 பேர் கொல்லப்பட்டதும் அதிபர் நயீப் புகேலே அவசரநிலையைக் கொண்டுவந்தார். நீதிமன்ற ஆணையின்றி 70,000க்கும் மேற்பட்டோர் பிடிக்கப்பட்டார்கள். மக்கள்தொகையில் நூற்றில் ஒருவருக்கும் மேல் சிறையில். உலகில் வேறெங்கும் இல்லாத அளவு. 2023இல் அரசு சொன்ன விகிதம் 2.4. கும்பல்களுக்கு மாமூல் கட்டாமல் கடை திறக்க முடிகிறது என்பது அங்கே வாழ்பவர்களுக்குச் சாதாரண விஷயமில்லை. அதை வெளியிலிருந்து அலட்சியமாகப் பேசுவது நியாயமும் இல்லை.

ஆனால் ஆண்டுவாரியாகப் பார்க்க வேண்டும். 100க்கு மேலிருந்த விகிதம் 2021இலேயே 18ஐ ஒட்டி இறங்கிவிட்டது. அதாவது வீழ்ச்சியின் பெரும்பகுதி அவசரநிலைக்கு முன்பே நடந்தது. அந்த ஆண்டுகளில் அரசுக்கும் கும்பல்களுக்கும் ரகசிய உடன்பாடு இருந்ததாக அமெரிக்க நிதித்துறை 2021 டிசம்பரில் குற்றம் சாட்டியது, புகேலே மறுத்தார். சிறைக்குள் இறந்த நூற்றுக்கணக்கானோர் பற்றி மனித உரிமை அமைப்புகள் கேள்வி எழுப்புகின்றன. எதுவுமே செய்யாதவர்கள் பல்லாயிரம் பேர் உள்ளே இருக்கலாம். விசாரணை நடக்காமல் அதை யாராலும் சொல்ல முடியாது.

பக்கத்து ஹோண்டுராஸ் 2022 டிசம்பரில் இதே வழியில் அவசரநிலையை அறிவித்தது. விகிதம் இறங்கியது, ஆனால் 2023இலும் லட்சத்துக்கு 30ஐ ஒட்டியே நின்றது. ஈக்வடார் 2024 ஜனவரியில் ‘உள்நாட்டு ஆயுத மோதல்’ நிலவுவதாக அறிவித்து ராணுவத்தைத் தெருவில் இறக்கியது. அந்த ஆண்டு கொலைகள் சற்றுக் குறைந்தன. எல் சால்வடாரின் கும்பல்கள் தெருத்தெருவாக மாமூல் வசூலித்துப் பிழைத்தவை. உடம்பில் குத்திய பச்சையை வைத்தே ஆளை அடையாளம் காணலாம், கையில் பெரிய பணமும் இல்லை. ஈக்வடாரின் கும்பல்களுக்குப் பின்னால் கோகெய்ன் பணம் இருக்கிறது. தலைவன் ஒருவன் சிறைக்குப் போனால் அவன் இடத்தைப் பிடிக்க நான்கு பேர் சுட்டுக்கொள்கிறார்கள். 2025இன் முதல் ஆறு மாதங்களில் அங்கே கொலைகள் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு ஏறின.